வெண்ணெய்க் கெணறு

உங்க தாத்தனுக்குத் தாத்தன் பொறக்காத காலம். கறுப்புக் கல்லுக் காட்டுக்கு நடுவுல, உப்பு ஏரிக்குக் கெழக்க, அர்பாலேன்னு ஒரு பட்டி இருந்துச்சாம். சுத்தி முள்ளு வேலி, உள்ள தோல் கூடாரம், நடுவுல ஒட்டகமும் ஆடும் மாடும். அதுல நம்ம கல்தூ சனம் இருந்துச்சு. ஏரிக்கரையில லோபேரு சனம் இருந்துச்சு. அவங்க பேச்சு வேற, நம்ம பேச்சு வேற. அவங்க சாமி ஏரியில, நம்ம சாமி மலையில.

ஆனா கேட்டுக்கங்க. தண்ணி நம்மகிட்ட இருந்துச்சு, புல்லு அவங்ககிட்ட இருந்துச்சு. ஏரித் தண்ணிய மாடு குடிச்சா கழிஞ்சே செத்துரும். நம்ம பக்கமோ கோடை வந்தா பல்லு குத்தக்கூட ஒரு துரும்பு கெடைக்காது. அதனால நம்ம மாடு அவங்க புல்ல மேயும், அவங்க மாடு நம்ம கெணத்துல குடிக்கும். யாரும் யாருக்கும் உபகாரம் பண்ணல. அப்படி இருந்தாத்தான் ரெண்டு சனமும் பொழைக்க முடியும், அவ்வளவுதான்.

சண்டையே இல்லியான்னு கேட்டா, இருந்துச்சு. மாடு திருடுவாங்க, மண்டைய ஒடைப்பாங்க. ஆனா கெணத்தடியில சண்ட கெடையாது. ஈட்டிய எல்லாம் குடைவேல மரத்துல சாச்சு வெச்சிட்டுத்தான் கெணத்துகிட்ட வரணும். கெணறுன்னா கை ஊனி எட்டிப் பாக்கற கெணறு இல்ல. பாறையக் கொடஞ்சு எறங்கிப் போற பாதாளம். அடியில ஒருத்தன் நிப்பான், அவனுக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன். பாட்டுப் பாடிக்கிட்டே தோல் வாளி கை மாறி மாறி மேல வரும். அடியில நிக்கறவனுக்கு வானம் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும். மேல இருக்கறவன நம்பித்தான் அவன் எறங்கறான்.

அந்த அர்பாலேல தலாசோன்னு ஒரு பொம்பள இருந்தா. ஜில்லோ பொஞ்சாதி. கல்யாணமாகி முதல் கோடையில மாட்ட ஓட்டிக்கிட்டு ஏரிக்கரைப் புல்லுக்குப் போனாங்க. அங்கதான் அவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, கல்மான்னு பேரு. புள்ள பொறந்த மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். ஒடம்பு அடுப்பா கொதிக்குது, மாருல பால் வத்திப்போச்சு. புள்ள அழுது அழுது சத்தம் தேஞ்சுபோச்சாம்.

லோபேரு கூடாரத்துல இருந்து ஒருத்தி எந்திரிச்சு வந்தா. எகாலேன்னு ஒருத்தனோட சம்சாரம், நகிரு. அவ கையிலயும் ஒரு பொம்பளப் புள்ள. தலாசோவ ஒரு வார்த்த கேக்கல. புள்ளயத் தூக்குனா. வலது மாரு மகளுக்கு, இடது மாரு கல்மாவுக்கு. மழை விழுந்து தலாசோ எந்திரிச்சு நடக்கற வரைக்கும் அப்படித்தான் குடுத்தா.

அப்புறம் சில வருசத்துல ஜில்லோ பாம்பு கடிச்சுச் செத்தான். தலாசோ ஒண்டியாப் போனா. ஒண்டிப் பொம்பள மாட்டுக்கு யாரு தண்ணி எறைப்பா? எகாலே எறைச்சான். தன் மாட்ட ஓட்டிக்கிட்டு கெணத்துக்கு வந்தா, எப்பவும் அடிப் படியில எறங்கறது அவன்தான். "தங்கச்சி மாடு முதல்ல குடிக்கட்டும்"னு கீழ இருந்து கத்துவானாம். "உன் மாடு காத்து நிக்குதே அண்ணே"ன்னு இவ மேல இருந்து கத்துவா. "என் மாட்டுக்கு என்ன, அது என் பாட்டக் கேட்டுக்கிட்டு நிக்கும்"பான்.

அவன்கிட்ட ஒரு காளை இருந்துச்சு. சாம்பல் நெறம். ஒரு கொம்பு முன்னால, ஒரு கொம்பு பின்னால வளைச்சு விட்டது. பேரு லோகோரி. லோபேரு ஆம்பளைக்கு அப்படி ஒரு காளை இருக்கும். அது பேரச் சொல்லிப் பாடுவான், அது கழுத்துல மணி கட்டுவான். அந்தக் காளைய விக்க மாட்டான், குடுக்க மாட்டான். அவன் உசுரோட இருக்கற வரைக்கும் அது அடுத்தவன் பட்டிக்குப் போகாது.

இப்படி இருந்த எடத்துலதான் கோடு போட்டாங்க.

தெக்க ஒரு வெள்ளக்காரக் கொடி, வடக்க ஒரு மலைநாட்டு ராசா கொடி. அவங்க எங்கியோ உக்காந்து பேசி, இங்க ஆள் அனுப்பி, கல்லக் குவிச்சு குவிச்சு வெச்சிட்டுப் போனாங்க. பாத்தா கெணறு இந்தப் பக்கம் விழுந்துச்சு, புல்லு அந்தப் பக்கம் விழுந்துச்சு. மாட்டுக்குத் தெரியுமா கல்லுக் குவியல்? அது மேல ஏறி முதுகச் சொறிஞ்சுக்கிச்சு.

அந்த வருசம் மழை வரல. அடுத்த வருசமும் வரல. அப்பத்தான் காக்கிச் சட்ட போட்ட தொரை ஒருத்தன் ஒட்டகத்துல வந்தான், கூட ஒரு மொழிபெயர்ப்பு ஆளு. அர்பாலேக்குப் பெரியவன் வாரியோ. அவன்கிட்ட தொரை சொன்னானாம், "இந்தத் தண்ணி இந்தக் கொடியோட தண்ணி. அந்தக் கொடி ஆளுங்க இங்க வந்து குடிக்கக் கூடாது. நீங்கதான் காவல்." சொல்லிட்டு ஒட்டகத்துல இருந்து நீளப் பெட்டி எறக்கினான். உள்ள துப்பாக்கி.

வாரியோ பொறந்ததுல இருந்தே கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன். முந்தின கோடையில அவன் தம்பி மகனப் புல்லுத் தகராறுல லோபேரு ஆளுங்க ஈட்டியில குத்திக் கொன்னிருந்தாங்க. அந்த வேக்காடு அவனுக்குள்ள இருந்துச்சு. ஆனா வேக்காட்டோட ஒருத்தன் என்ன பண்ணணும்? நேரா போயி நஷ்டஈடு கேக்கணும், இல்ல நேரா போயி மோதணும். இவன் என்ன பண்ணான் தெரியுமா? லோபேருக்கு ஆள் அனுப்பினான். "மாடு தவிக்குதுன்னு கேள்விப்பட்டோம். கெணறு தொறந்து கெடக்கு, வாங்க"ன்னு சொல்லி அனுப்பினான்.

தூ.

கல்மா அப்ப மீசை மொளைச்ச பய. பட்டியில அவனுக்கு ஒரு பட்டப்பேரு, "லோபேருப் பால்". ஆடு மேய்க்கப் போனா "என்ன லோபேருப் பால்"பாங்க, மல்லுக்கு நின்னா "ஏரிப் பக்கம் போடா"ம்பாங்க. வாரியோ அவன்கிட்ட ஒரு துப்பாக்கியக் குடுத்து, "நீ யாரு புள்ளன்னு எல்லாரும் கேக்கறாங்கடா. நாளைக்குக் காட்டு"ன்னான். அந்தப் பய அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லல.

மறுநாள் வெயில் ஏறின நேரம். தலாசோ கூடாரத்து வாசல்ல தயிர் கடைஞ்சுக்கிட்டு இருந்தா. கெணத்துப் பக்கம் இருந்து டமடமன்னு சத்தம். அர்பாலேல அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்த யாரும் கேட்டதில்ல. இடி இடிக்குதுன்னு நெனச்சாங்க. பொம்பளைங்க எல்லாம் வெளிய ஓடி வந்தாங்க. வானத்தப் பாத்தாங்க, மேகம் இல்ல, ஆனாலும் சட்டி பானைய எடுத்து வெளிய வெச்சாங்களாம். மழை வருதுன்னு குலவை போட்டாங்களாம். தலாசோவும் ஒரு சட்டி வெச்சா. அங்க மனுசன் சாகறான், இங்க சட்டி வெச்சுக்கிட்டு நிக்கறாங்க.

உச்சி வெயில்ல ஆம்பளைங்க திரும்பி வந்தாங்க. முன்னாடி மாடு, மாடு, மாடு. தூசி எழும்புது. அப்பெல்லாம் ஒரு வழக்கம் இருந்துச்சு. எதிரியக் கொன்னுட்டு வர்றவன வாசல்லயே நிறுத்தி, அவன் அம்மா தலையில வெண்ணெய் வெக்கணும். வெண்ணெய் வழியற தலையோட அவன் பட்டிக்குள்ள வருவான், பொம்பளைங்க அவன் பேரச் சொல்லிப் பாடுவாங்க. அதுக்கப்புறம்தான் அவன் ஆம்பள.

வாரியோ கத்தினான். "முதக் குண்டு யாரோடது தெரியுமா? கல்மாவோடது! தலாசோ, வெண்ணெய் கொண்டா!"

அவ கையில வெண்ணெய்ச் சட்டி இருந்துச்சு. புள்ள பொழைச்சு வந்தானேன்னு ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் வந்தாளாம். ரெண்டு எட்டு வெச்சிருப்பா. அப்பப் பாத்தா, மாட்டு மந்தைக்கு நடுவுல ஒரு கொம்பு முன்னால, ஒரு கொம்பு பின்னால.

"லோகோரி"ன்னா.

காளை நின்னு திரும்பிப் பாத்துச்சாம்.

அவ கையிலருந்து சட்டி விழல. விழுந்துச்சுன்னு சிலர் சொல்லுவாங்க, அதெல்லாம் கெடையாது. சட்டிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மகன்கிட்ட போனா.

"யாரக் கொன்ன?"

"எதிரிய."

"பேரச் சொல்லு."

"எதிரிக்கு ஏதும்மா பேரு?"

"பேரு எனக்குத் தெரியும். உன் வாயில வரணும். கெணத்துல அடிப் படியில யாரு இருந்தா?"

பய தலையக் குனிஞ்சான். சனமெல்லாம் பாக்குது. வாரியோ பின்னால நிக்கறான்.

"எகாலே மாமா"ன்னான்.

"மேல இருந்து சுட்டியா?"

"எல்லாரும் மேல இருந்துதான் சுட்டோம். அவங்க வாளி தூக்கிக்கிட்டு இருந்தாங்க."

"உன்னப் பாத்தானா?"

"பாத்தாரு. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. கல்மா, கல்மான்னு. நான் அவரக் காப்பாத்த வந்தேன்னு நெனச்சிட்டாரும்மா."

"அதுக்கப்புறமுமாடா சுட்ட?"

பய அழுதுட்டான். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க"ன்னான்.

தலாசோ அவன அடிக்கல. அவன் தலையில ஒட்டியிருந்த தூசியக் கையால தொடைச்சு விட்டா. தொடைச்சிட்டு, ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாளாம்.

"இந்தத் தலைக்கு என் கையால வெண்ணெய் இல்ல. இன்னிக்கும் இல்ல, இவன் கல்யாணத்துக்கும் இல்ல. தாகத்துக்கு வந்தவன, ஈட்டியக் கழட்டி வெச்சிட்டு வந்தவன, குழிக்குள்ள நிக்கவெச்சுச் சுட்டுட்டு வந்திருக்கான். எந்த அம்மாவாவது இவங்க தலையில வெண்ணெய் வெச்சா, அவ பெத்த வயித்துல அவளே மண்ணள்ளிப் போட்டதா அர்த்தம்."

வாரியோ கத்தினான். "ஏய்! எதிரிக்குப் பரிஞ்சு பேசாத. நம்ம மாடு சாகும், மழை வராது!"

"மழைக்கு நீதான் காவலா? போன வருசம் வரல, அதுக்கு முந்தின வருசம் வரல, அப்ப நான் யாருக்குப் பரிஞ்சு பேசினேன்?"

சொல்லிட்டு, வெண்ணெய்ச் சட்டியோட கெணத்தப் பாத்து நடந்தா. எல்லாப் பொம்பளைங்களும் அவ பின்னால போனாங்கன்னு இப்பப் பாட்டுல பாடறாங்க. பொய். மத்தவங்க எல்லாம் அவங்கவங்க புள்ளைங்க தலையில வெண்ணெய் வெச்சாங்க, குலவை போட்டாங்க, பாடினாங்க. நம்ம பாட்டிமாருங்கதான் அவங்க. வெக்கமா இருந்தாலும் உள்ளதச் சொல்லணும். தலாசோ பின்னால போனது ஒரே ஒருத்தி. வாரியோவோட மூத்த சம்சாரம், கபாலே. நீளக் கயித்தோட ஒரு ஒட்டகத்த ஓட்டிக்கிட்டுப் போனா.

கெணத்துக்குள்ள பொம்பள எறங்கற வழக்கம் இல்ல. தலாசோ எறங்கினா. படிக்குப் படி ஒரு பொணம். ஒவ்வொருத்தனா கயித்துல கட்டுவா, மேல கபாலே ஒட்டகத்த ஓட்டுவா, பொணம் மேல வரும். அடிப் படிக்கு எகாலேகிட்ட போனப்ப அவ முழங்கால் வரைக்கும் தண்ணி. அது தண்ணியா என்னன்னு நீங்களே நெனச்சுக்கங்க. அவன் கையில தோல் வாளி அப்படியே இருந்துச்சாம். வாளியில தண்ணி நெறஞ்சிருந்துச்சாம்.

எல்லாரையும் குடைவேல மரத்தடி மேட்டுல வரிசையாப் படுக்க வெச்சாங்க. அவங்க சாச்சு வெச்ச ஈட்டி அந்த மரத்துலயே இருந்துச்சு. தலாசோ சட்டிய எடுத்தா. ஒவ்வொருத்தன் தலையிலயும் வெண்ணெய் வெச்சா, பெத்தவ வெக்கற மாதிரி ரெண்டு கையாலயும் தேச்சு. எகாலே கடைசியா வந்தவன். அவன்கிட்ட வர்றப்ப சட்டி காலி. நகத்தால சுரண்டினா. சுரண்டி சுரண்டி எடுத்து, "அண்ணே, உனக்குக் கொஞ்சந்தான் இருக்கு"ன்னு சொல்லித் தேச்சாளாம்.

அப்ப வாரியோ ஆளுங்களோட வந்துட்டான். கையில துப்பாக்கி. எதிரிப் பொணத்துக்கு வெண்ணெய் வெச்சதப் பாத்து அவனுக்குக் கண்ணு செவந்துபோச்சு. துப்பாக்கியத் தூக்கிட்டான்.

தலாசோ எந்திரிச்சு நின்னா. முழங்கால் வரைக்கும் ரத்தம், கையெல்லாம் வெண்ணெய்.

"சுடு வாரியோ. ஆனா ஒண்ணு பாத்துக்க. நான் குழிக்குள்ள நிக்கல, உன் எதிர்ல நிக்கறேன். எதிர்ல நிக்கறவங்களச் சுட்டு உங்களுக்குப் பழக்கம் இருக்கா?"

வெண்ணெய்க் கையாலயே கெணத்தக் காட்டினா.

"கோடு போட்டவன் போயிட்டான். துப்பாக்கி குடுத்தவன் போயிட்டான். அவனுக்கு இந்தத் தண்ணி வேணுமா? அவன் இதுல ஒரு மடக்குக் குடிப்பானா? குடிக்கப்போறது நாம. ரத்தம் கலந்த தண்ணிய நம்ம ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பும். நீ குடி. உன் புள்ளைங்களுக்குக் குடு. தொண்டையில எறங்கறப்ப எல்லாம் அவங்க வாளி தூக்கிப் பாடின பாட்டு உங்க காதுல கேக்கட்டும்!"

கபாலே வந்து அவ பக்கத்துல நின்னா. புருசனப் பாத்து, "நானும் எதிர்லதான் நிக்கறேன்"ன்னா. அவ்வளவுதான் அவ பேசினது. வாரியோ காறித் துப்பிட்டு, "இனிமே ரெண்டு பேருக்கும் அர்பாலேல கூடாரம் கெடையாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கல்மா மட்டும் போகல. துப்பாக்கியத் தூக்கிப் போட்டுட்டு, தூரத்துல ஒரு பாறை மேல உக்காந்திருந்தான்.

மறுநாள் விடிஞ்சதும் லோபேரு சனம் வந்துச்சு. ஆம்பளைங்க ஈட்டியோட வந்தாங்க. முன்னாடி நகிரு வந்தா. வரிசையாப் படுத்திருக்கற தன் ஆளுங்களப் பாத்தா. தலையில வெண்ணெய் மினுமினுக்குது. அவளுக்கு அந்த வழக்கம் என்னன்னு தெரியும். புருசன் பக்கத்துல உக்காந்து அவன் தலையத் தொட்டுப் பாத்தா. அப்புறம் எந்திரிச்சு வந்து தலாசோ கன்னத்துல ஓங்கி ஒரு அறை.

"வெண்ணெய் எனக்கு எதுக்குடி? என் பாலத் திருப்பிக் குடு."

தலாசோவோட தோளப் பிடிச்சு உலுக்கினா.

"உன் புள்ள செத்துக்கிட்டு இருந்தப்ப என் மகளுக்குப் பாதியா கொறச்சு அவனுக்குக் குடுத்தேனே, அதத் திருப்பிக் குடு! குடுக்க முடியுமா உன்னால?"

"முடியாது நகிரு"ன்னா தலாசோ. "என்கிட்ட இருக்கறது அவன்தான். அந்தப் பாறை மேல உக்காந்திருக்கான். நான் ஒளிச்சு வெக்கல. நீ என்ன செஞ்சாலும் குறுக்க நிக்க மாட்டேன்."

ஆம்பளைங்க ஈட்டியத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. கல்மா ஓடல. அப்ப நகிரு கத்தினா.

"நில்லுங்கடா! அவன் உடம்புல ஓடறது என் பாலு. அத இந்த மண்ணுல சிந்த விடமாட்டேன். இவனச் சாகடிச்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சு போகும். எனக்கு இது முடியக் கூடாது."

கல்மா முன்னாடி போயி நின்னா. "நீ எறங்கு. என் புருசன் நின்ன அடிப் படியில நீ நில்லு. ரத்தத் தண்ணிய எல்லாம் எறைச்சு வெளிய கொட்டு. ஊத்துத் தண்ணி வந்ததும் என் மாட்டுக்கு எறை. ஒவ்வொரு கோடையும் எறை. மேல நிக்கறது நாங்க. தலையத் தூக்கி எங்களப் பாத்துக்கிட்டே எறைக்கணும். என்னிக்கு நாங்க கல்லத் தூக்கிப் போடுவோம்னு தெரியாம எறைக்கணும்."

அவன் எறங்கினான்.

அதோட சண்ட நின்னுச்சான்னு கேக்கறீங்களா? நிக்கல. அந்த மாசமே லோபேரு ஆளுங்க அவங்க கொடிக்காரன்கிட்ட துப்பாக்கி வாங்கி வந்து அர்பாலேய எரிச்சாங்க. வாரியோ அதுல போனான், அவனோட சேந்து ஒரு தப்பும் பண்ணாத சனமும் போச்சு. நாம திரும்பப் போயி எரிச்சோம். அவங்க திரும்ப வந்தாங்க. ரெண்டு கொடிக்காரனும் துப்பாக்கி குடுத்துக்கிட்டே இருந்தான். ஆனா அந்தக் கெணத்தடியில மட்டும் அதுக்கப்புறம் யாரும் யாரையும் தொடல.

தலாசோவும் கபாலேவும் அந்த மேட்டுலயே ஒரு கூடாரம் போட்டுக் கெடந்தாங்க. கல்மா தலை நரைக்கற வரைக்கும் எறைச்சான். கல்யாணம் பண்ணிக்கல. லோபேரு மாடு குடிச்சு முடிச்சுப் போனப்புறம்தான் மேல ஏறி வருவான். தலாசோ அவனுக்குச் சோறு போட்டா, காய்ச்சல் வந்தா பக்கத்துல உக்காந்தா, ஆனா சாகற வரைக்கும் அவன் தலையில கைவெச்சு ஒரு சொட்டு வெண்ணெய் தடவல. பெத்த வயிறு, ஆசை இருந்திருக்கும். தடவல. நகிரு மன்னிச்சாளான்னு கேப்பீங்க. மன்னிக்கல. வருசா வருசம் வந்தா, மேல நின்னு பாத்தா, மாட்ட ஓட்டிக்கிட்டுப் போனா. எதுக்கு மன்னிக்கணும்?

அன்னில இருந்து அதுக்கு வெண்ணெய்க் கெணறுன்னு பேரு. அன்னில இருந்துதான் ஆளக் கொன்னுட்டு வர்றவன் தலையில எந்தக் கல்தூக்காரியும் வெண்ணெய் வெக்கறதில்ல. ஆனா அது ஒடனே நின்னுடல, ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு அம்மாவா நிறுத்தினாங்க, ரொம்ப நாளாச்சு. இப்பல்லாம் கொன்னவன் முன் வாசல் வழியா வர முடியாது, பின்னால முள்ள நீக்கிட்டு ஊர்ந்து வரணும். முதல் மழைக்குக் கடையற வெண்ணெய அந்த மேட்டுல கொண்டுபோய்த் தேய்க்கறோமே, அது சாமிக்கு இல்ல. அங்க படுத்திருந்தவங்க தலைக்கு. கோடையில முதல் வாளி நம்ம மாட்டுக்குக் கெடையாதுங்கறதும் அதுலருந்து வந்த வழக்கம்தான்.

என்னத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அதோ பாருங்க, லோபேரு மாடு வந்து எவ்வளவு நேரமா நிக்குது. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. எந்திரிங்க. எறங்குங்க.